முன்கோடைத் தோட்டம்: தளி மேட்டுநிலத்துக்கான கணக்கு

காய்கறி சாகுபடிக் கையேடுகளில் பெரும்பாலானவை சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தையில் வெண்டை ஊன்றுங்கள், மாசி பிறந்தால் பீன்ஸையும் முள்ளங்கியையும் மறந்துவிடுங்கள் என்று அவை சொல்லும். சேலத்துக்கும் திருச்சிக்கும் அது சரி. ஓசூருக்குத் தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளிக்கு அது பொருந்தாது. வெள்ளைக்காரர்கள் இந்த ஊரை 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததற்குக் காரணம் இங்குள்ள குளிர்ச்சிதான். கிருஷ்ணகிரியில் பகலும் இரவும் காந்தத் தொடங்கிய பிறகும், தளியிலும் தேன்கனிக்கோட்டை மேட்டிலும் இரவுகள் குளிர்ந்தே இருக்கும். வெயில் பகலில் மட்டும்தான் வேலை செய்யும்.

அதனால் இந்த ஊரின் முன்கோடையில் இரண்டு பட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கின்றன. தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை பீன்ஸ், முள்ளங்கி, பீட்ரூட், பாலக் போன்ற குளிர்விரும்பிகளை எடுத்துவிடலாம். மாசிக் கடைசியிலிருந்து ஊன்றும் வெண்டை, கொத்தவரை, காராமணி, பீர்க்கு, பாகல் ஆகியவை சித்திரை வெயிலைத் தாங்கிக் காய்க்கும். ஒரே நிலத்தில் முன்னது வெளியேற வெளியேறப் பின்னது உள்ளே வர வேண்டும். இந்த மாற்றத்தைச் சரியாக நடத்துபவருக்கு மருந்தடிக்கும் வேலை மிகக் குறைவு. பயிரைத் தப்பான மாதத்தில் வைத்துவிட்டு அப்புறம் எந்தக் கரைசலைத் தெளித்தாலும் அது தேறாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது.

மனையைப் பிரிப்பது

ஓசூர் வட்டாரத்தில் மனை என்றாலே முப்பதுக்கு நாற்பது என்று பேசும் வழக்கம் பெங்களூரிலிருந்து வந்தது. 1,200 சதுர அடி. நம் கணக்கில் இரண்டே முக்கால் சென்ட். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து மனையைச் சும்மா போட்டிருப்பவர்கள் ஏராளம். அந்த அளவையே இங்கே எடுத்துக்கொள்வோம். நிலம் கூடுதலாக இருந்தாலும் முதல் கோடைக்கு இதற்கு மேல் போக வேண்டாம்.

முப்பது அடி கிழக்கு மேற்காகவும் நாற்பது அடி தெற்கு வடக்காகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் ஏழு அடி அகலத்துக்கு நீளவாக்கில் பந்தல் போடுங்கள். பந்தலை மேற்கே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தளியின் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நான்காவது வாரம். அந்தச் சமயத்தில் தெற்கிலோ வடக்கிலோ வைக்கும் மறைப்பு நிழல் தராது. பயிரைச் சுடுவது பிற்பகல் வெயில், அது மேற்கிலிருந்து வருகிறது. பீர்க்கும் பாகலும் ஏறிய பந்தல் இரண்டு மணிக்கு மேல் அதை ஒட்டிய பாத்திகளுக்கு நிழல் கொடுக்கும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அந்த இடம்தான்.

மீதி இருபத்து மூன்று அடியில் நடுவே மூன்று அடி பாதை விட்டு, இரு பக்கமும் மூன்று அடி அகலம், பத்து அடி நீளத்தில் மேட்டுப்பாத்திகள் போட்டால், பாத்திக்குப் பாத்தி ஒன்றரை அடி நடைபாதை போக, மொத்தம் பதினாறு பாத்திகள் கிடைக்கும். மூன்று அடிக்கு மேல் அகலம் வேண்டாம். பாத்திக்குள் கால் வைக்காமல் இரு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். மூலையில் மிஞ்சும் நாலடிப் பட்டையில் தொட்டியும் எருக்குழியும்.

மண்

தளி மண் செம்மண். வடிகால் நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்காது. லேஅவுட் போட்ட மனையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கட்டட இடிபாடும் சரளையும் நிரப்பிச் சமப்படுத்தியிருப்பார்கள். கடப்பாரையால் ஒன்றரை அடி குத்திப் பாருங்கள். செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வந்தால் அவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வேலை, அதற்கு ஒரு மாதம் ஆனாலும் சரி. மண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையம் இந்த மாவட்டத்து விவசாயிகளுக்காகவே இருக்கிறது. சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. நம் பாத்தி ஒன்றுக்கு அது ஏழு கிலோ வரும். முதல் வருடச் செம்மண்ணுக்குப் பத்து கிலோவாகவே போடுங்கள், கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. எரு நன்கு மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை வராமல் மண் வாடை வர வேண்டும். பிசைந்தால் வைக்கோல் நார் தட்டுப்படக் கூடாது. அரைகுறையாக மக்கிய சாணத்தோடு வேர்ப்புழு வரும், கறையான் வரும். கோடையில் அது இன்னும் வேகமாகப் பெருகும்.

இந்த வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும் இன்னொரு பொருள் பட்டுப்புழு வளர்ப்பு மனைக் கழிவு: புழுவின் எச்சமும் தின்று மிஞ்சிய மல்பெரி இலை, குச்சியும். தழைச்சத்து நிறைந்த அருமையான எரு. ஆனால் புழுப் படுக்கையில் கிருமிநாசினித் தூளும் சுண்ணாம்பும் தூவுவார்கள். எனவே அப்படியே பாத்தியில் கொட்டாமல், சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு மூன்று மாதமாவது மக்கவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் போட்டால் தைக் கடைசிக்குத் தயாராகிவிடும்.

கோழிப்பண்ணை எரு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வருடம் மக்கியது என்றால் கொஞ்சம் போடலாம். புதியதாக வெயில் காலத்தில் போட்டால் நாற்று கருகும்.

தண்ணீர்

கோடைத் தோட்டத்தின் அளவை முடிவு செய்வது நிலத்தைவிடத் தண்ணீர்தான். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். பயிர் முழுமையாக மூடிய நிலையில் பங்குனி, சித்திரையில் நாளொன்றுக்கு நாலைந்து மில்லிமீட்டர் ஆவியாகிப் போகும். நம் பாத்திகளும் பந்தலும் சேர்ந்து ஏறக்குறைய 70 சதுர மீட்டர். ஆக உச்ச வெயிலில் நாள்தோறும் 280 முதல் 350 லிட்டர் வேண்டும். தினமும் அவ்வளவு தண்ணீர் உறுதியாக இருக்கிறதா என்று விதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். பாதிதான் கிடைக்கும் என்றால் எட்டுப் பாத்தியோடு நிறுத்துங்கள். பதினாறு பாத்தியையும் அரைத் தாகத்தில் வைத்திருப்பதைவிட எட்டுப் பாத்தியில் முழு விளைச்சல் எடுப்பது மேல்.

இந்தத் தேவையைக் குறைக்கும் முக்கிய வழி மூடாக்கு. தளியில் மார்கழி, தையில் ராகி அறுப்பு முடிந்திருக்கும். ராகித் தாள் மாட்டுக்குத் தீவனம். அதை மூடாக்குக்குக் கேட்பது நியாயமில்லை, விலையும் கட்டாது. ராகியோடு ஊடுபயிராக வந்த அவரைக் கொடி, கொள்ளுப் பொட்டு, துவரை மிலாறு, புங்க இலை, பட்டுப்புழு மனையில் மிஞ்சும் மல்பெரிக் குச்சி ஆகியவை போதும். இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட வேண்டும், ஒட்டினால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். மூடாக்குப் போட்ட பாத்தியில் மதியம் விரலை விட்டுப் பாருங்கள். மேலே சருகு சுடும். அதன் அடியில் மண் குளிர்ந்து, கறுத்து, விரலில் ஒட்டும். பக்கத்து வெறும் பாத்தியில் அதே நேரம் மண் பொரபொரவென்று உதிரும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் ஒரு பாத்தியையும் வெறுமனே விடமாட்டார்கள்.

நீர் விடும் நேரம் விடிகாலை. முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே கிளம்புகிறவர்களுக்கு அது நடக்காது. அவர்கள் தொட்டியை மூன்றடி மேடையில் ஏற்றி, ஈர்ப்பு விசையில் ஓடும் சிறு சொட்டுநீர்க் குழாய்களைப் போட்டுவிட்டால் வால்வைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கலாம். மாலையில் விடுவதானால் இலையில் படாமல் அடியில் விடுங்கள். தளியின் இரவுக் குளிரில் நனைந்த இலை விடியும் வரை காயாது, பூசண நோய்க்கு அது போதும்.

தொட்டி விஷயத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஓசூர் பழைய இரும்புக் கடைகளில் 200 லிட்டர் நீல டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அவை ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுமந்தவை. உள்ளே இருந்தது என்ன என்று லேபிள் சொல்லாவிட்டால், கடைக்காரர் எத்தனை முறை கழுவியதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். நஞ்சில்லாக் காய்க்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதன் தண்ணீரை அந்த டிரம்மில் தேக்குவதில் அர்த்தமில்லை. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியானால் மட்டும் எடுங்கள், அல்லது சிமென்ட் தொட்டி கட்டுங்கள்.

அதேபோல, ஓசூருக்கு அருகே மனை வைத்திருந்து தென்பெண்ணை ஆற்று நீரையோ கெலவரப்பள்ளி அணைக் கால்வாய் நீரையோ நம்பியிருப்பவர்கள் அதைக் காய்கறிக்கு, குறிப்பாகக் கீரைக்கும் கிழங்குக்கும், விட வேண்டாம். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கலந்து அந்த அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரை பொங்க ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது. மழைநீர், நல்ல ஆழ்துளைக் கிணற்று நீர், சோப்பு கலக்காத சமையலறை நீர் இவையே நம் கணக்கு. தளி அந்த ஆற்றுப் பாசனத்தில் இல்லை என்பது இந்த ஊருக்கு ஒரு நிம்மதி.

எதை, எப்போது

தை மூன்றாம் வாரத்திலிருந்து மாசி முதல் வாரத்துக்குள் குளிர்விரும்பிகளை முடித்துவிடுங்கள். செடி பீன்ஸ்தான் இதில் ராஜா. விதைத்த 45, 50 நாளில் முதல் பறிப்பு வந்துவிடும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பூ உதிரத் தொடங்கும் என்பதால், மாசி நடுவில் ஊன்றினால் செடி செழிப்பாக நிற்கும், காய் இருக்காது. பெங்களூர் அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கோமல் ரகம் இந்த மேட்டுநிலத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. குட்டை ரகம் என்பதால் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி போதும். பாத்தியில் இரண்டு வரிசை.

முள்ளங்கி 40 நாளில் வெளியேறும். விட்டு வைத்தால் வெயிலில் நார் விழும், உள்ளே பொள்ளலாகும். சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பீட்ரூட் விதை என்று நாம் ஊன்றுவது உண்மையில் பல விதைகள் சேர்ந்த ஒரு முடிச்சு. ஒரு குழியில் மூன்று நாலு முளை வரும்; இரண்டு இலை விட்டதும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள், பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும். கிள்ளியதைப் பருப்புக் கூட்டில் போடலாம். கொத்தமல்லியைப் பந்தல் நிழலோரம் மட்டும். வெட்டவெளியில் விதைத்தால் இலை தருவதற்கு முன்பே பூவுக்குப் போய்விடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டும் தளிக்குப் பெயர் போன பயிர்கள்தான், ஆனால் முன்கோடையில் சிறு தோட்டத்தில் வேண்டாம். இடத்தையும் தண்ணீரையும் அதிகம் தின்று, கடைசியில் வைரமுதுகுப் பூச்சிக்கு விருந்தாகும்.

இனி வெண்டை. கையேட்டைப் பார்த்துத் தை முதல் வாரத்தில் ஊன்றிவிட்டு, முளைக்கவில்லை, விதை சொத்தை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இந்தப் பக்கத்தில் வருடாவருடம் நடக்கிறது. விதையில் பழுதில்லை. மண்ணின் சூடு 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெண்டை முளைக்காது. தளியின் தை இரவுகளில் மண் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். மாசி பாதி கழிந்து, விடிகாலையில் வெறுங்காலோடு பாத்தியோரம் நின்றால் சில்லென்று ஏறாத நாளில் ஊன்றுங்கள். முந்தின இரவு விதையை ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, சூடோமோனாஸ் தூள் ஒரு சிட்டிகை சேர்த்துக் குலுக்கி, நிழலில் அரை மணி உலர்த்தி, வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்றலாம். ஐந்தாறு நாளில் முளை தெரியும். 45 நாளில் காய். காய்க்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். முற்றிய காய் ஒன்றைச் செடியில் விட்டால் அது அடுத்த பூக்களை நிறுத்திவிடும்.

கொத்தவரையும் காராமணியும் வெயிலுக்குப் பயப்படாத பயிர்கள். பீன்ஸ் முடிந்த பாத்தியில் பீன்ஸ் வேரை மண்ணிலேயே விட்டு, தண்டை அறுத்து மூடாக்காக்கி, அந்தக் குழிகளுக்கு நடுவே வெண்டை ஊன்றுங்கள். முள்ளங்கி, பீட்ரூட் முடிந்த பாத்தியில் கொத்தவரையும் காராமணியும். பயறு வகையும் மற்றப் பயிரும் மாறி மாறி வருவதால் மண் சலிக்காது. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை இவற்றை இரண்டு பாத்தியில் பத்து நாளைக்கு ஒரு பாதிப் பாத்தி என்று விதைத்து வந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை உறுதி. விதை பொடிசு; நாலு மடங்கு மணலோடு கலந்து தூவி, மேலே சாக்கு போட்டு, பூவாளியால் தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட மறக்காதீர்கள்.

பந்தலுக்குப் பீர்க்கு, பாகல், புடலை. ஒன்றரை அடி அகல, ஆழக் குழியில் எருவும் மேல்மண்ணும் நிரப்பி, குழிக்கு மூன்று விதை. ஒரு பந்தலில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை என்ற குறை முன்கோடையில் பொதுவானது. பாதி நேரம் காரணம் தேனீ வராததுதான். பூசணியும் பாகலும் விடிகாலையில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை ஒதுக்கிவிட்டு, அடியில் சிறு பிஞ்சு தெரியும் பெண் பூவின் நடுவே மெல்லத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஓரத்தில் துளசியும் சூரியகாந்தியும் நாலு செடி இருந்தால் தேனீயே வந்துவிடும்.

தக்காளியைப் பற்றித் தனியாக

ராயக்கோட்டையும் வேப்பனப்பள்ளியும் தக்காளி மண்டலம். அதனால் எல்லோரும் முதலில் கேட்பது தக்காளி நாற்று. முன்கோடையில் என் ஆலோசனை: ஐந்தாறு செடிக்கு மேல் வேண்டாம். இலைச்சுருள் நச்சுயிரி நோயைச் செடிக்குச் செடி கடத்துவது வெள்ளை ஈ. பிப்ரவரியிலிருந்து மே வரை நடும் தக்காளியில்தான் தென்னிந்தியாவில் இந்த நோய் உச்சத்தில் இருக்கும், அதுவும் சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள் இருக்கும் இடத்தில் ஈ எங்கிருந்தும் வரும். நோய் வந்த செடிக்கு மருந்து எதுவும் கிடையாது, ரசாயனத்திலும் கிடையாது.

இருந்தும் வேண்டும் என்பவர்கள் மூன்று காரியம் செய்யலாம். நாற்றைக் குழித்தட்டில் விட்டு நெருக்கமான நைலான் வலைக்குள் 25 நாள் வளர்க்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் தப்பித்த செடி பிறகு நோய் வந்தாலும் ஓரளவு காய்த்துவிடும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கி விதைக்க வேண்டும். சுருங்கிய செடியைக் கண்ட அன்றே பிடுங்கி எருக்குழியில் புதைக்க வேண்டும். ஹெசரகட்டாவின் அர்க்கா ரக்ஷக் இலைச்சுருள், வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். விதை எடுத்து வைக்க உதவாது, சாப்பாட்டுக்கு உதவும். நாட்டுத் தக்காளிக்கு ஆடிவரை காத்திருப்பது நல்லது.

பூச்சியும் பக்கத்து மல்பெரியும்

தெளிப்புக்கு முன் கண். வாரத்தில் மூன்று நாள் காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்குப் பெரும்பாலான தொல்லை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். முட்டைக் குவியலை விரலால் நசுக்கலாம். அசுவினி ஏறிய நுனியைக் கிள்ளி எறியலாம். பூசணி இலையைத் துளைக்கும் செவ்வண்டுக்கு, பனி காயும் முன் சலித்த அடுப்புச் சாம்பல். வெள்ளை ஈக்கு, மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்கு மூன்று நாலு இடத்தில் கட்டுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு. 10 லிட்டர் தெளிப்புக்கு அரைக்கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து, வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். காலையில் தெளித்தால் வெயில் அதன் வீரியத்தைச் சாப்பிட்டுவிடும். பத்து மாதத்துக்கு மேல் பழைய கொட்டை பயன்படாது. வெண்டை, கத்தரிக் காய்ப்புழுவுக்கு இதைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்து, புழு புகுந்த காயைப் பறித்து அழித்தாலே பெருமளவு கட்டுப்படும். புகையிலைக் கரைசலைச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். வேண்டாம். நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சு. புகையிலையில் இருக்கும் தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும்.

பந்தலில் பிஞ்சு மஞ்சளித்து அழுகி விழுந்தால் பழ ஈ. விழுந்ததை அங்கேயே விடாமல் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி வாங்கும்போது 'கொடிக் காய்கறிக்கு' என்று கேட்டு, கியூலூர் வைத்த பொறியை வாங்க வேண்டும். மாந்தோப்புக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறி பீர்க்குக்கும் பாகலுக்கும் வேலை செய்யாது.

இப்போது முக்கியமான ஒன்று. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் பட்டு விவசாயம் நிறைய. உங்கள் வேலிக்கு அப்பால் மல்பெரி இருந்தால் வேப்பந் தெளிப்பும் எச்சரிக்கையோடுதான். சாரல் பட்ட இலையைத் தின்னும் பட்டுப்புழு பாதிக்கப்படும். இயற்கை விவசாயக் கடைகளில் காய்ப்புழுவுக்குத் தரும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்த் தூள் அதைவிட ஆபத்து. ஜப்பானில் 1901இல் இஷிவாட்டா என்ற அறிவியலாளர் அந்த நுண்ணுயிரை முதன்முதலில் பிரித்தெடுத்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களிலிருந்துதான். மல்பெரித் தோட்டம் அருகில் இருக்கும் இடத்தில் அந்தத் தூளைத் தொடவே தொடாதீர்கள். வேப்பஞ்சாறு தெளிப்பதானாலும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் 'அண்ணா, புழு எத்தனாவது காய்ச்சலில் (தோலுரிப்பில்) இருக்கு, இலை எப்போ வெட்றீங்க' என்று கேட்டுவிட்டு, காற்று அந்தப் பக்கம் வீசாத மாலையில் செய்யுங்கள். ஒரு வளர்ப்பு போனால் அவருடைய அந்த மாத வருமானம் முழுதும் போய்விடும். நஞ்சில்லை என்று நாம் நம்புகிற பொருள் இன்னொருவர் வீட்டில் நஞ்சாக முடியக் கூடாது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ரோஜாப் பசுமைக்குடில்களை ஒட்டிய மனைகளுக்கு அங்கிருந்து மருந்துச் சாரல் வரும். அந்த ஓரத்தில் அகத்தி, செம்பருத்தி, உயரமான சோளம் என்று அடர்ந்த உயிர்வேலி வையுங்கள். வேலியை ஒட்டிய முதல் பாத்தியில் கீரை வேண்டாம்.

வளர்ச்சி ஊக்கியாகப் பஞ்சகவ்யம் போதும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய இந்தக் கரைசலை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். எரு சரியாகப் போட்ட தோட்டத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஐந்தாறு வகைக் கரைசலை வரிசையாக வாங்கி அடுக்கும் பணத்தில் ஒரு வண்டி எரு வாங்குங்கள்.

காட்டோரத்து மனைகளுக்கு

ஜவளகிரி, தளி காப்புக்காடுகளை ஒட்டியிருப்பவர்கள் வேலியோரம் வாழை, கரும்பு, பலா வைக்க வேண்டாம். யானையை நாமே அழைப்பதாகும். அந்தக் காடுகள் பன்னேர்கட்டாவோடு தொடர்ச்சியாக இருக்கும் யானைத் தடம். மிளகாய், இஞ்சி, மஞ்சள் ஓரப் பயிராக இருக்கட்டும். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் பேச்சே கூடாது. அது குற்றம், உயிரையும் எடுக்கும். மயிலுக்கு, முளைவிட்ட பாத்தியின் மேல் பத்து நாள் பழைய மீன்வலையை வளைத்துக் கட்டினால் போதும்.

கோடை மழைக்குப் பிறகு

சித்திரையில் இங்கே இடியும் சூறைக்காற்றும் ஆலங்கட்டியுமாக மழை கொட்டும். பசுமைக்குடில் கூரைகளையே கிழித்துப்போடும் காற்று அது. பந்தல் கால்களை இரண்டடி ஆழம் ஊன்றி, மூலைக்கு மூலை இழுகம்பி கட்டுவதைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்கு மறுநாள் தோட்டத்தில் இறங்காதீர்கள். கிழிந்த இலைகளை வெயில் வந்ததும் வெட்டி எடுத்துவிட்டால் வெண்டையும் கீரையும் ஒரே வாரத்தில் தழைத்துவிடும்.

நன்றாகக் காய்த்த வெண்டை, பீர்க்கு, காராமணியில் நடுப்பருவத்துக் காயை விதைக்கு விடுங்கள். முதல் காயும் கடைசிக் காயும் வேண்டாம். கலப்பினச் செடியிலிருந்து எடுக்காதீர்கள். செடியிலேயே காய்ந்ததும் பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, மூடி இறுகிய புட்டியில் ரகமும் மாதமும் எழுதி வையுங்கள்.

காய் மிஞ்சினால் அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்க இயற்கை விளைபொருள் சான்றிதழ் தேவையில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நம்பிக்கை ஒன்றே அங்கே சான்றிதழ். ஆகவே ஒரு முறை ரசாயனம் தெளிக்க நேர்ந்திருந்தால் அந்தப் பாத்திக் காயை இயற்கைக் காய் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வைகாசியில் காலியாகும் ஒவ்வொரு பாத்தியிலும், அடுத்த மழை வருவதற்குள், சணப்பு, தட்டைப்பயறு, கம்பு, எள், கொத்தமல்லி என்று கையில் உள்ள விதைகளைக் கலந்து நெருக்கமாக விதைத்துவிடுங்கள். 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணோடு சேர்த்தால், ஆடிப் பட்டத்துக்கு எரு வாங்கும் செலவில் பாதி மிச்சம்.